யசிந்தா அன்ரியின் இடக்கைத் துவக்கு

நான் அறிந்தவரை, டெனிஷ் சிற்றூரான கிரின்ஸ்டெட்டில் துவக்கு, அதாவது கைத்துப்பாக்கி, வைத்திருக்கும் தமிழர் ஒருவர்தான். ஐம்பத்தேழு வயதுப் பெண். முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, உணவூட்டுவது அவருடைய வேலை. பெயர் யசிந்தா. அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் நான் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். அன்ரி என்று கூப்பிடுவேன்.

நிலக்கீழ் அறையில் இருப்பவனுக்கு மேலே நடப்பதெல்லாம் சத்தமாகத்தான் தெரியும். பின்னேரம் மூன்றே காலுக்குக் கார் வந்து நிற்கும். கதவு திறக்கும். அடுத்த கணமே வானொலி கதைக்கத் தொடங்கும். பிறகு சமையலறைக்கு எட்டு அடி, அங்கிருந்து கதிரைக்கு ஐந்து அடி. ஒரே ஆளின் நடை. வந்த புதிதில் ஓரிரு மாதம் வேறு யாருடைய காலடியாவது கேட்குமா என்று நானும் காது கொடுத்திருக்கிறேன். கேட்டதில்லை.

கணவர் ஜோன்சன் ஆறு வருடங்களுக்கு முன்னர் ஒரு பெப்ரவரிக் காலையில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். ஒரே மகள் எமிலியா ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் தாதி. காரில் இரண்டரை மணித்தியாலத் தூரம். பிள்ளை இங்கே பிறந்தவள். தாய் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுவாள். சின்ன வயதில் அம்மா என்றவள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகளைப்போல 'மோர்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். டெனிஷில் தாய்க்கு அதுதான் சொல். "ஊரில மோரைக் குடிக்கிறது தம்பி, இஞ்ச என்னைக் கூப்பிடுறது," என்று அன்ரி சொல்லிச் சிரிப்பார்.

ஒரு காலத்தில் கிரின்ஸ்டெட்டில் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் இருந்தனவாம். பிள்ளைகள் வளர்ந்ததும் ஒவ்வொன்றாகப் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டன. பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று அழைப்பு வரும். அன்ரி நல்ல சேலை உடுத்துக்கொண்டு அறுபது கிலோமீற்றர் கார் ஓடிப் போவார். குசினிக்குப் பக்கத்து மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார். வேலைத்தலத்தில் நாள் முழுக்கக் கதை. வீட்டில் கதைக்க ஆளில்லை.

கூட வேலை செய்யும் டெனிஷ்காரி ஒருத்திதான் வழி சொன்னாளாம்: இந்த நாட்டில் ஆட்களோடு பழக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கழகத்தில் சேர வேண்டும், தெருவில் நின்று யாரும் கதைக்கமாட்டார்கள். அன்ரிக்கு முழங்கால் நோ. தேகப்பயிற்சி நல்லது என்று நினைத்தார். விளையாட்டு மண்டப வாசலில் ஒரே பலகையில் இரண்டு பெயர்: தேகப்பயிற்சி, குறிசூடு. மேலே ஏறியிருந்தால் தேகப்பயிற்சி. அன்ரி முழங்காலை யோசித்துக் கீழே இறங்கும் படியைத் தேர்ந்தெடுத்தார்.

கீழே நீளமான சுடுகூடம். அதற்கு முன்னால் ஒரு சின்ன அறையில் எட்டுப் பத்துப் பேர் மேசையைச் சுற்றியிருந்து கோப்பியும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். அவர்தான் கழகத் தலைவர் பென்ட், ஓய்வுபெற்ற தச்சர். பெயரைக் கேட்டார். கேக் வெட்டிக் கொடுத்தார். பிழையான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று சொல்வதற்கு அன்ரிக்கு மனம் வரவில்லை.

துவக்குக்குப் பயந்து மட்டக்களப்பிலிருந்து ஓடிவந்தவர், இதை எப்படிக் கையில் எடுத்தார் என்று ஒருநாள் கேட்டேன். வெங்காயத்தை உரித்தபடியே சொன்னார்: "அங்க துவக்குப் பிடிச்சவையெல்லாம் எங்களைப் பாத்தவை. இஞ்ச எல்லாரும் மட்டையைத்தான் பாக்கினம்."

மட்டை என்றது குறிபார்த்துச் சுடும் அட்டையை. நடுவில் கறுப்பு வட்டம் உள்ள கையகல அட்டை.

முதல் கிழமை பென்ட் அவருடைய வலக்கையில் கைத்துப்பாக்கியைக் கொடுத்தார். ஐந்து ரவையும் எங்கே போனதென்றே தெரியவில்லை. அடுத்த கிழமையும் அப்படித்தான். மூன்றாம் கிழமை பென்ட் பின்னால் நின்று கவனித்துவிட்டு, மற்றக் கையால் பார் என்றார். அன்ரி பிறவியில் இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் அடிமட்டத்தால் தட்டித் தட்டி எழுத்தை வலக்கைக்கு மாற்றிவிட்டார். சோறு உண்ணும் கையை வீட்டில் மாற்றினார்கள். ஆட்களுக்கு ஒன்றைக் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்தான். ஐம்பத்தைந்து வயதில், ஒரு நிலக்கீழ் மண்டபத்தில், அந்த இடக்கை முதல்தடவையாக முன்னால் நீண்டது. ஐந்தும் கறுப்புக்குள் விழுந்தன.

பிறகு ஒரு வியாழக்கிழமையும் தவறவில்லை. இரண்டு வருடம் ஓடியது. ஆனால் கழகத்துத் துப்பாக்கிகள் எல்லாவற்றுக்கும் வலக்கைக்குச் செதுக்கிய மரப்பிடி. இடக்கையில் பிடித்தால் பெருவிரலுக்குக் கீழே வெட்டும். அன்ரி பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு சுடுவார். முதல் இருபது ரவைக்கு நன்றாகப் போகும், பிறகு கை நோகத் தொடங்கிப் புள்ளி இறங்கும். இதனால் கழகத்தின் ஐவர் அணியில் அவருக்கு இடமில்லை. போட்டி நாட்களில் கோப்பிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கூடப் போவார்.

போன செப்ரெம்பரில் பென்ட் ஒரு செய்தி கொண்டுவந்தார். சில்க்போர்க்கில் வேட்டைச் சாமானும் துப்பாக்கியும் விற்கும் கடையொன்றில் பழைய கைத்துப்பாக்கி ஒன்று வந்திருக்கிறது, சின்ன ரவை சுடுவது, ஜேர்மன் வேலை, இடக்கைப் பிடி. தோள்நோ வந்து சுடுவதை விட்ட ஒரு பெண்ணுடையது என்பதால் பிடியும் சின்னது. இப்படியொன்று பத்து வருடத்துக்கு ஒருக்கால்தான் வரும் என்றார். இங்கே கைத்துப்பாக்கி வாங்குவது சுலபமில்லை. இரண்டு வருடம் கழகத்தில் ஒழுங்காகச் சுட்டிருக்க வேண்டும். வாங்கப்போகும் துப்பாக்கியின் இலக்கத்தைக் கடைக்காரர் படிவத்தில் எழுதித் தர வேண்டும். கழகத் தலைவர் அந்த ஆளுக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அதன்பிறகுதான் பொலிஸ் அனுமதி. அன்ரிக்கு இரண்டு வருடம் முடிந்திருந்தது. அந்தத் துப்பாக்கி கிடைத்தால் அணியில் ஐந்தாவது ஆள் நீதான் என்று பென்ட் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை அன்ரி கார் ஓட, எனக்குச் சில்க்போர்க்கில் சப்பாத்து வாங்க வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். வழியில் அவருடைய பழைய சிநேகிதி நிரஞ்சலாவின் வீட்டில் தேத்தண்ணி. விசயத்தைக் கேட்டதும் நிரஞ்சலா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"கள்ளன் வந்தாலும் இருத்திச் சோறு குடுக்கிற ஆள் நீர். உமக்கேன் துவக்கு?"

"மட்டைக்கு."

"மட்டைக்கோ. சனம் என்ன சொல்லும் தெரியுமே? புருசன் செத்து, பிள்ளையும் போய், மனுசிக்கு மூளை தட்டிட்டுது எண்டு சொல்லும்."

"சொல்லுற சனம் ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லட்டும்," என்றார் அன்ரி. அதற்குப் பிறகு நிரஞ்சலா பலகாரத் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

கடையில் ஒரு பக்கம் வேட்டைக்காரரின் பச்சை மேற்சட்டைகளும் சப்பாத்துகளும். மறுபக்கம் கண்ணாடிப் பெட்டிகள். கடைக்காரர் அமைதியான மனிதர். உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து, ரவைக்கூட்டைக் கழற்றி, வெறுமையாக இருக்கிறது என்று காட்டிவிட்டு, ஒரு துணியின்மேல் வைத்தார். பார்ப்பதற்கு அழகான பொருளில்லை. இரும்பு சில இடங்களில் வெளிறியிருந்தது. மரப்பிடியில் ஆரோ ஒருத்தியின் உள்ளங்கை வருடக்கணக்காகப் பட்ட கறுப்பு.

அன்ரி இடக்கையை நீட்டி எடுத்தார். விரல்கள் தாமாகவே போய்த் தங்கள் இடத்தில் இருந்தன. சுவரில் கிடந்த ஒரு புள்ளியை நோக்கிக் கையை நீட்டினார். கை ஆடவில்லை. அவருடைய முகத்தை நான் அதற்கு முன்னர் அப்படிப் பார்த்ததில்லை. காது வரைக்கும் சிவந்து, சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு நின்றார். இதுதானா என்று கடைக்காரர் கேட்டார்.

தனக்கென்று ஒன்றை வாங்கும்போது எங்கள் பெண்கள் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. ஒரு நல்ல சேலையானாலும் சரி, ஒரு சோடித் தோடானாலும் சரி, கடையில் நின்றபடி வெட்கத்தோடு சொல்லுவார்கள்: 'இனி எத்தனை நாளைக்கு இருக்கப்போறன், ஆசைக்கு ஒண்டு கிடக்கட்டும்.' சந்தோசத்தை வெளியே தெரியவிட்டால் நாவூறு படும் என்று அதன்மேல் போடும் துணி அது. அன்ரி அதைத்தான் சொன்னார். டெனிஷில் சொன்னார். கடைக்காரரின் காதில் அது இப்படித்தான் விழுந்திருக்கும்: "நான் இனி அதிக நாள் இருக்கப்போவதில்லை. எனக்கு இது வேண்டும்."

நான் மூன்றடி தள்ளிச் சப்பாத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் டெனிஷ் விளங்கும். ஆனால் அவர் டெனிஷில் சொன்னதை நான் தமிழில் கேட்டேன். ஒன்றும் உறைக்கவில்லை.

கடைக்காரர் இரண்டு கைகளாலும் துப்பாக்கியை மெல்ல வாங்கினார். துணியில் சுற்றினார். உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார். படிவத்தைத் தானே கழகத் தலைவருக்கு அனுப்புவதாகவும் மாத முடிவுக்குள் கையெழுத்து வந்தால் அனுமதி கிடைக்கும்வரை துப்பாக்கியை வேறு ஆருக்கும் கொடுக்கமாட்டேன் என்றும் சொன்னார். வாசல் வரைக்கும் வந்து அன்ரியின் கையைப் பிடித்து விடை கொடுத்தார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் அன்ரி.

செவ்வாய்க்கிழமை பென்ட் வீட்டுக்கு வந்தார். இங்கே சொல்லாமல் கொள்ளாமல் ஆரும் ஆருடைய வீட்டுக்கும் வருவதில்லை. காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே இருந்தார். என்னுடைய சின்ன யன்னலால் அது தெரிந்தது. துப்பாக்கி வைக்கும் இரும்பு அலுமாரியைப் பார்க்க வந்ததாகச் சொன்னாராம். அந்த அலுமாரியை முதல்நாள்தான் நானும் அன்ரியும் சுவரோடு பூட்டியிருந்தோம். ஜோன்சன் அங்கிளின் பழைய அறையில் அது இருந்தது. அந்த அறையில்தான் அன்ரி தாலிக்கொடி, கூறைச்சேலை, படங்கள் எல்லாவற்றையும் பெட்டிகளில் பிரித்து அடுக்கி, ஒவ்வொன்றிலும் 'எமிலியாவுக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தார். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதென்பதால் அதை டெனிஷில் எழுதியிருந்தார். பென்ட் ஒவ்வொரு பெட்டியாக வாசித்தார். அலுமாரியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று அன்ரி பிறகு சொன்னார்.

வாசலில் நின்று, இப்போதைக்குக் கையெழுத்து வைக்க முடியாது, டிசம்பர் நத்தாருக்குப் பிறகு பார்ப்போம் என்றார். காரணம் சொல்லவில்லை. மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அன்று வானொலி போடவில்லை. நான் மேலே போனபோது அன்ரி கோட்டுடன் கதிரையில் இருந்தார். எல்லாம் தனக்கு விளங்கிவிட்டதாகச் சொன்னார். இரண்டு வருடமாகக் கேக் வெட்டித் தந்தவர்கள், துவக்கு என்று வந்ததும் தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டார்களாம். "கோப்பி ஊத்த நான் அவையின்ர ஆள் தம்பி. துவக்கு எண்டோடன வேற நாட்டாள்." நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வியாழன் அவர் கழகத்துக்குப் போகவில்லை.

சனிக்கிழமை மதியம் எமிலியா வந்து இறங்கினாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு. அன்ரி நண்டுக் குழம்பு வைத்து, என்னையும் மேலே கூப்பிட்டார். மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார், இதைப் போடு, அதைச் சாப்பிடு என்று. எமிலியா நண்டைத் தொடவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் டெனிஷில் கேட்டாள்:

"மோர், நீ சாகப்போகிறாயா?"

அன்ரியின் கையிலிருந்த அகப்பை நடுவழியில் நின்றது. கழகப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஆளாக எமிலியாவின் இலக்கம் இருந்திருக்கிறது. பென்ட் அழைத்திருக்கிறார். கடைக்காரர் கேட்ட வாசகத்தையும், தான் கண்ட பெட்டிகளையும் சொல்லியிருக்கிறார். எமிலியா அந்த வாசகத்தை அப்படியே திருப்பிச் சொன்னாள். அப்போதுதான் எனக்கும் அது முதல்தடவையாக டெனிஷில் கேட்டது.

அன்ரி சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். "அடி விசரி, அது சும்மா கதைக்கிறது. அம்மம்மா சொல்லுவா, நான் சொல்லுவன், எல்லாரும் சொல்லுறது. அதுக்காகவே இவ்வளவு தூரம் ஓடி வந்தனி?"

எமிலியா சிரிக்கவில்லை. மெல்லிய குரலில், மேசை விரிப்பைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீ அந்தச் சிவப்புக் கோட்டு வாங்கியபோது சொன்னாய். எனக்கு ஆறு வயது. சோபா வாங்கியபோது சொன்னாய். ஒவ்வொரு முறையும் நான் நம்பினேன். பள்ளிக்கூடம் போக முன்னர் உன் கட்டிலடிக்கு வந்து போர்வை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர்தான் போனார்."

அன்ரி அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் கை கழுவும் தொட்டியடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடியது.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார். இரண்டாம் தரமும் அதையே சொன்னார்.

ஞாயிறு காலை எமிலியா திரும்பிப் போனாள். வேலை இருந்தது. போகும்போது, துப்பாக்கி வேண்டாம் என்று தான் சொல்லமாட்டேன், ஆனால் அது இந்த வீட்டில் இருக்கும்வரை தனக்கு நித்திரை வராது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறும் திங்களும் நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகப் பட்டச்சட்டை போட்ட முதல் ஆள் நான். எங்கள் ஊரில் ஆருக்காவது அரசாங்கக் கச்சேரிக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுத்தால் காரியம் நடக்கும். அதே நம்பிக்கையில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கழகத் தலைவருக்கு டெனிஷில் இரண்டு பக்கம் எழுதினேன். தமிழில் மரணத்தைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் மரணத்தைப் பற்றியது அல்ல என்று தொடங்கி, தலையிடி வந்தால் உயிர் போகுது என்போம், பிள்ளை குழப்படி செய்தால் சாகடிக்கிறான் என்போம் என்றெல்லாம் உதாரணம் காட்டியிருந்தேன். எனக்கு அது நல்ல கடிதமாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை அன்ரியும் நானும் கழகத்துக்குப் போனோம். மாதத்தின் கடைசி நாள். உள்ளே ஆட்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் சுத்தியல் தட்டுவதுபோலச் சத்தம். பென்ட் கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். பிறகு மடித்து மேசையில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இது வெறும் பேச்சு மட்டும்தானா?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூன்று வருடமாகத் தலைக்கு மேலே நான் கேட்ட எட்டு அடியும் ஐந்து அடியும் ஞாபகம் வந்தன. கடிதத்தில் எழுதியதெல்லாம் உண்மை. அவர் கேட்டது வேறு.

அன்ரி என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி, தன்னுடைய டெனிஷில் சொன்னார். அவசரப்படாமல், சொல்லைத் தேடித் தேடிச் சொன்னார்:

"வீட்டில் எனக்கு ஆருமில்லை. கோட்டைக் கழற்ற முன்னம் ரேடியோ போடுவேன். அது உண்மை. சில ஞாயிறுகளில் திங்கள் வரும் வரைக்கும் என் குரலை நானே கேட்பதில்லை. அதுவும் உண்மை. ஆனால் சாக எனக்கு விருப்பமில்லை. கடையில் நான் சந்தோசப்பட்டேன். வெட்கமாக இருந்தது. அதனால் அப்படிச் சொன்னேன்."

பென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய மனைவியும் இறந்து நாலு வருடம் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ரேடியோ நல்லது, நான் ரீவி போடுகிறேன் என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு வழி சொன்னார். கையெழுத்து வைக்கிறேன், ஆனால் துப்பாக்கி கழகத்தின் இரும்பு அலுமாரியில் இருக்கட்டும், வந்து எடுத்துச் சுட்டுவிட்டு வைத்துவிட்டுப் போகலாம்.

மற்ற ஆட்கள் எல்லாரும் தங்கள் துப்பாக்கியை வீட்டுக்குத்தானே கொண்டுபோகிறார்கள் என்று அன்ரி கேட்டார். பென்ட் ஓம் என்றார். அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டார். பென்ட் மேசையிலிருந்த கடிதத்தை இன்னொருமுறை மடித்தார். அன்ரி எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு கிழமைக்கு முன்னர் என்றால் போயிருப்பார். கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விட்டார்.

"சரி," என்றார். "உங்களுக்காக இல்லை. என் பிள்ளை நித்திரை கொள்ள வேணும்."

பென்ட் பேனையை எடுத்தார்.

பொலிஸ் அனுமதி வர டிசம்பர் நடுப்பகுதி ஆகிவிட்டது. கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். அன்ரி தனியாகப் போய்த் துப்பாக்கியை வாங்கி, காரின் பின்பெட்டியில் பூட்டி, வழியில் எங்கும் நிற்காமல் நேரே கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். எமிலியாவுக்கு அழைத்துச் சொன்னார். ஒக்ரோபரிலிருந்து அவள் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு மேலே வானொலி நிற்கும், அன்ரியின் குரல் இருபது நிமிடம் கேட்கும். நவம்பரில் இரண்டு தரம் வந்தும் போனாள். துப்பாக்கி வீட்டில் இல்லை, கழகத்தில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகு அழைப்பு ஒருநாள் விட்டு ஒருநாளாயிற்று. தை மாதம் கிழமைக்கு ஒன்று. பயம் போனதோடு வருவதற்கு இருந்த காரணமும் போய்விட்டது. அன்ரி அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளை இப்ப நல்லாய் நித்திரை கொள்ளுறாளாம் என்று சொன்னார்.

மாசியில் அணிப் போட்டி ஓல்போர்க்கில் நடந்தது. மற்ற நால்வரும் பென்ட்டின் காரில் போனார்கள். அன்ரி தன்னுடைய காரிலேயே போனார்; திரும்பும்போது மகளைப் பார்க்க வேண்டும் என்றார். நான் துணைக்குப் போனேன். நாற்பது ரவை. முதல் இருபதுக்குப் பிறகும் அவருடைய கை ஆடவில்லை. நானூற்றுக்கு முந்நூற்று எழுபத்தொரு புள்ளி. அணியில் இரண்டாவது ஆள். எல்லோருமாக மூன்றாம் இடம். பென்ட் அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். இங்கே அதுவே பெரிய விசயம். அன்ரி தன் அட்டையைக் கடித உறையில் போட்டுக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

எமிலியாவுக்கு அன்று பகல் வேலை. ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். மழைத்தூறல். கார்க் கண்ணாடி உள்ளே புகைபிடித்ததுபோல மங்கியது. ஒரு வழியாக வெள்ளைச் சீருடைக்கு மேலே மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து பின்சீற்றில் ஏறினாள். பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாள். அன்ரி திரும்பியிருந்து சோற்றுப் பெட்டியைத் திறந்து கொடுத்தார். அவள் வேகமாகச் சாப்பிட்டாள். வேலைக்கு ஆள் போதாதாம்; இரண்டு பேர் சுகயீனமாம்; புதிய வீடு பார்க்கிறாளாம். அன்ரி, இன்னும் போட்டுச் சாப்பிடு என்றார். அவளுடைய கைபேசி அடித்தது. பெட்டியை மூடித் தன்னோடு எடுத்துக்கொண்டு, தாயின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, வந்த மாதிரியே ஓடிப்போனாள்.

அன்ரி கண்ணாடியைக் கையால் துடைத்து, கதவு மூடும்வரை பார்த்தார். காரை எடுத்தார். நகரம் முடிந்து பெருந்தெருவில் ஏறினோம்.

"எத்தினை எடுத்தனி எண்டு கேக்க அவளுக்கு நேரமில்லை," என்றார். கொஞ்சத் தூரம் போனதும், "முந்நூற்று எழுபத்தொண்டு" என்று மெல்லச் சொன்னார். முன்னால் மழையும், தெரு விளக்கில்லாத நூற்றெண்பது கிலோமீற்றரும் கிடந்தன. எனக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆனாலும் எத்தனை அன்ரி என்று திருப்பிக் கேட்டேன். அவர் முதல் ரவையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.